நிலவை நோக்கி விழுதல்

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியதும் ஊரெல்லாம் ஒரே கேள்வி. 1969-இல் அப்போலோ-11 நான்கே நாளில் நிலவில் போய் இறங்கிவிட்டதே, நமக்கு மட்டும் ஏன் 40 நாள்? நம் ராக்கெட்டின் வலு குறைவு என்று பதில் சொன்னார்கள். உண்மைதான். அமெரிக்கர்களின் சாட்டர்ன்-5 கிட்டத்தட்ட 2,900 டன். நம் எல்விஎம்-3 வெறும் 640 டன். ஆனால் பேச்சை அதோடு முடித்துக்கொண்டால், அந்த 40 நாளின் ருசியான பகுதி முழுவதும் விட்டுப்போகிறது.

ஈர்ப்பை எதிர்த்து முட்டி மோதி, எஞ்சின் உறும, மேலே மேலே ஏறிப் போவதுதான் விண்வெளிப் பயணம் என்று நினைத்துக்கொள்கிறோம். சந்திரயானின் கணக்கைப் பாருங்கள். தரையிறங்கு கலனான விக்ரமைச் சுமந்துகொண்டு உந்துகலன் ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 17 வரை 34 நாள் ஓடியது. அதன் தொட்டிகளில் இருந்த எரிபொருள் சுமார் 1,700 கிலோ. எஞ்சின் எரிபொருளைக் குடிக்கும் வேகத்தால் இதை வகுத்தால், 34 நாளில் அது எரிந்த மொத்த நேரம் ஏறத்தாழ 3 மணிதான். மிச்ச நேரமெல்லாம் எஞ்சின் சும்மா இருந்தது. கலன் விழுந்துகொண்டிருந்தது.

விழுந்தது என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கையிலிருந்து நழுவிய கல் எப்படி விழுகிறதோ அதே விதிப்படி, அதே விசையால், அது விழுந்தது. விழுகிற பொருள் தரையைத் தொடாமலே இருக்க முடியும் என்பதைக் கண்டுகொண்டவர் நியூட்டன். மிக உயர்ந்த மலையொன்றின் உச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைக் கிடையாகச் சுடுவதாக அவர் எண்ணிப் பார்த்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1728-இல், வெளியான நூலில் அதன் படமும் இருக்கிறது. எந்தப் பொருளும் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியோ உருண்டை. தரைமட்டத்தில் நேர்கோட்டில் 7.9 கி.மீ. போனால், கீழே தரை 4.9 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே விநாடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் பாயும் குண்டு ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவுக்குத் தரையும் விலகிக் கொடுக்கிறது. விழுந்து முடிவதே இல்லை. காற்று குறுக்கே நிற்பதால்தான் இதைத் தரைமட்டத்தில் செய்ய முடியாமல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மேலே போகிறோம்.

உயரம் இரண்டாம்பட்சம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் தொலைக்காட்சியில் ஒவ்வொரு ஏவுதலின்போதும் ‘புவியீர்ப்பு விசையைத் தாண்டி வெளியே சென்றது’ என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் எடைக்கருவியை வைத்து, தரையில் 70 கிலோ இருப்பவரை ஏற்றி நிறுத்தினால் அது 62 கிலோ காட்டும். ஈர்ப்பு பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறைந்திருக்கிறது. நிலையத்துக்குள் இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம் ஈர்ப்பு இல்லாமை அன்று. அவர்களும் நிலையமும் கையிலிருந்து விட்ட பேனாவும் ஒரே வேகத்தில், ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றை ஒன்று அழுத்த வழியில்லை. கோபுரத்தில் நிற்பவர் எட்டு கிலோ இளைப்பதோடு சரி, மிதக்க மாட்டார். அங்கிருந்து கால் தவறினால் நேரே கீழே வந்து சேர்வார். அவருக்கும் விண்வெளி வீரருக்கும் உள்ள வேறுபாடு, விநாடிக்கு 7.7 கி.மீ. பக்கவாட்டு வேகம் மட்டுமே.

நிலவும் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து அது 60 பூமி ஆரங்கள் தொலைவில் இருக்கிறது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறையுமானால், அங்கே அது 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் வெறும் 1.4 மில்லிமீட்டர். நிலவின் பாதை ஒவ்வொரு விநாடியும் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு வளைகிறது என்று தனியாகக் கணக்கிட்டால் அதே 1.4 மில்லிமீட்டர் வருகிறது. 1687-இல் வெளியான பிரின்சிபியாவில் நியூட்டன் இந்த ஒப்பீட்டை வைத்துத்தான், தரையில் கல்லை இழுக்கும் விசையும் வானில் நிலவைத் திருப்பும் விசையும் ஒன்றே என்று காட்டினார். மனித அறிவின் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிலவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் ஏறத்தாழ இரண்டு மடங்கு வலுவாக இழுக்கிறது. அப்படியானால் நிலவு ஏன் நம்மை விட்டுப் போகவில்லை? சூரியன் பூமியையும் அதே முடுக்கத்தில் இழுக்கிறது என்பதால்தான். இரண்டும் சூரியனைச் சுற்றிச் சேர்ந்தே விழுகின்றன. சேர்ந்து விழுகிறவர்களுக்குள் அந்த இழுப்பு கிட்டத்தட்டத் தெரிவதில்லை. விண்வெளி நிலையத்துக்குள் பேனா மிதப்பதும் இதுவும் ஒரே சங்கதி.

இனி நம் கலத்துக்கு வருவோம். எல்விஎம்-3 அதைக் கிழக்கு நோக்கிக் கொண்டுபோனது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஸ்ரீஹரிகோட்டாவில் அசையாமல் நிற்கும் ராக்கெட்டுக்கே விநாடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் கிழக்கு நோக்கி இருக்கிறது. செலவில்லாமல் கிடைக்கும் அந்த வேகத்தை யாரும் விடமாட்டார்கள். துருவங்களுக்கு மேலாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பயன்படாது. அவை தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கில் இலங்கை இருப்பதால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே விலகிப் போய், நடுவழியில் திரும்புகிறது. பறந்துகொண்டிருக்கும்போது திசை மாற்றுவது எரிபொருளை வாரி விழுங்கும் வேலை. சிறிய ராக்கெட்டுகளால் அதைத் தாங்க முடியாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு இதுவே காரணம்: அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

சந்திரயானை ராக்கெட் இறக்கிவிட்ட பாதை வட்டமல்ல, நீண்ட நீள்வட்டம். பூமிக்கு மிக அருகே 170 கி.மீ., மிகத் தொலைவில் 36,500 கி.மீ. அண்மைப்புள்ளியில் வேகம் விநாடிக்குச் சுமார் 10.3 கி.மீ.; சேய்மைப்புள்ளியை எட்டும்போது 1.6 கி.மீ. ஏறும்போது ஈர்ப்பு வேகத்தைப் பிடித்து இழுக்கிறது, இறங்கும்போது எடுத்ததை எல்லாம் திருப்பித் தந்துவிடுகிறது. கோள்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்பதை டைக்கோ பிராகேயின் செவ்வாய் அளவீடுகளைப் பல ஆண்டு குடைந்து 1609-இல் கெப்ளர் எழுதினார். ஏன் அப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. அதற்கு நியூட்டன் வர வேண்டியிருந்தது.

இந்தப் பாதையை நீட்டி நிலவுவரை கொண்டுபோக வேண்டும். இங்கேதான் சுற்றுப்பாதைகளின் விசித்திர விதி குறுக்கிடுகிறது: ஓரிடத்தில் வேகத்தைக் கூட்டினால், பாதை அந்த இடத்தில் உயர்வதில்லை, எதிர்ப்பக்கத்தில் உயர்கிறது. விழும் பொருள் எங்கே எஞ்சினை அணைத்ததோ, ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வந்தாக வேண்டும். ஆகவே அண்மைப்புள்ளியில் உந்தினால் சேய்மைப்புள்ளி விலகும். சேய்மைப்புள்ளியில் உந்தினால் அண்மைப்புள்ளி மேலே ஏறும்.

இந்த விதி நம் உடம்பு பழகிய அனுபவத்துக்கு எவ்வளவு விரோதமானது என்பதை 1965 ஜூன் 3 அன்று ஜேம்ஸ் மெக்டிவிட் நேரடியாக உணர்ந்தார். ஜெமினி-4 கலத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவர், தங்களைச் சுமந்து வந்து பிரிந்த ராக்கெட் பகுதியை நெருங்க முயன்றார். அது கண்ணெதிரே தெரிகிறது. கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்தினார். அது விலகியது. மறுபடி உந்தினார். இன்னும் விலகியது. எரிபொருள் கரைந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். முன்னோக்கி உந்தியபோது அவருடைய பாதை பெரிதாகிவிட்டது, பெரிய பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், ஆகவே பின்தங்கினார். முன்னே போகும் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்து, கீழே இறங்கி, சிறிய பாதையில் சீக்கிரமாகச் சுற்றி, பிறகு ஏறி வந்து சேர வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி-6, ஜெமினி-7 கலங்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு செயற்கைக்கோள்கள் இணைந்ததும் இதே பாடத்தின் மேல்தான்.

சந்திரயான் உந்துகலனின் முதன்மை எஞ்சின் 440 நியூட்டன் விசை கொண்டது. தரையில் 45 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான விசை, அவ்வளவுதான். அது தள்ள வேண்டிய எடையோ 3,900 கிலோ. ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 11 சென்டிமீட்டர் கூடும். 36,500 கி.மீ. பாதையிலிருந்து நிலவுப் பாதைக்கு மாற விநாடிக்குச் சுமார் 550 மீட்டர் கூடுதல் வேகம் தேவை. ஒரே மூச்சில் எரித்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கலன் அண்மைப்புள்ளியைத் தாண்டிப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஏறிப் போயிருக்கும். அங்கே எரிக்கும் எரிபொருளுக்கு அதே பலன் கிடையாது.

ஏன் கிடையாது? வேகமாகப் போகும்போது எரித்தால், அதே எரிபொருள் அதிக ஆற்றலைத் தருகிறது. ஜெர்மன் மொழியில் எழுதிய ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபர்த்தின் பெயரால் இது வழங்குகிறது. விசை ஒன்றே ஆனாலும், ஒரு விநாடியில் 10 கி.மீ. கடக்கும் கலத்தின்மேல் அது செய்யும் வேலை, ஒன்றரை கி.மீ. கடக்கும் கலத்தின்மேல் செய்யும் வேலையைவிட ஆறு மடங்குக்கும் அதிகம். இந்த உபரி ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் நியாயமானது. தொட்டியில் இருக்கும் எரிபொருளும் கலத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது அல்லவா? அதற்கும் பேரளவு இயக்க ஆற்றல் உண்டு. வாயுவாகிப் பின்னோக்கி வெளியேறும்போது அதன் வேகம் குறைகிறது. இழந்த ஆற்றல் கலத்துக்குப் போய்ச் சேர்கிறது. கணக்கில் ஒரு பைசா தவறவில்லை.

ஆகவே இஸ்ரோ அவசரப்படவில்லை. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் குழு, கலன் பூமிக்கு அருகே விழுந்து வரும் வேளை பார்த்து, அவ்வப்போது கொஞ்ச நேரம் எஞ்சினை எரித்து அணைத்தது. சேய்மைப்புள்ளி 41,762 கி.மீ. ஆனது. ஜூலை 18-இல் 51,400, 20-இல் 71,351, 25-இல் 1,27,603. இந்தக் கடைசிப் பாதையில் ஒரு சுற்றுக்கு 51 மணி நேரத்துக்கு மேல். மூன்று சுற்று காத்திருந்தார்கள். நிலவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. கலன் போய்ச் சேரும் நாளில் அது எங்கே இருக்குமோ, அந்த வெற்றிடத்தை நோக்கிக் குறிவைக்க வேண்டும். ஜூலை 31 நள்ளிரவு தாண்டியதும், ஆகஸ்ட் 1 பிறந்த வேளையில் எஞ்சின் மீண்டும் எரிந்தது. சேய்மைப்புள்ளி 3,69,328 கி.மீ.க்குப் போனது.

அப்போது அண்மைப்புள்ளியில் வேகம் விநாடிக்குச் சுமார் 10.8 கி.மீ. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தாழ்வட்டப் பாதையின் 7.8-இலிருந்து 10.3-க்கு வர ராக்கெட் பெரும்பாடு பட்டது. அதற்குக் கிடைத்தது 36,500 கி.மீ. அதன்மேல் அரை கிலோமீட்டர் சொச்சம் கூடியதும் பாதை பத்து மடங்கு நீண்டுவிட்டது. அப்போலோ-11 பூமியை விட்டு நிலவுக்குத் திரும்பிய வேகமும் ஏறத்தாழ இதே 10.8 தான். சாட்டர்ன்-5-இன் மூன்றாம் அடுக்கு அதைச் சில நிமிடங்களில் ஒரே எரிப்பில் கொடுத்தது. நாம் இரண்டரை வாரம் எடுத்துக்கொண்டு, சிறு எஞ்சினால், தவணை தவணையாகச் சேர்த்தோம். இருவரும் கட்டிய விலை ஒன்றுதான். கட்டிய விதம் வேறு.

அங்கிருந்து ஐந்து நாள் ஓட்டம், பெரும்பகுதி வேகம் குறைந்துகொண்டே போகும் ஓட்டம். நிலவுக்குச் சுமார் 60,000 கி.மீ. அருகே வந்த பிறகு நிலவின் இழுப்பை முதலாவதாக வைத்துக் கணக்கிடத் தொடங்குகிறார்கள். கலன் இப்போது நிலவை நோக்கி விழுகிறது. விழ விழ வேகம் கூடுகிறது. ஆனால் இப்படி வெளியிலிருந்து விழுந்து வருவது, அதே வேகத்தில் வெளியே போய்விடும் வல்லமையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நிலவின் ஈர்ப்பு தானாக அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். தங்க வேண்டுமானால் மிக அருகே வரும் நேரத்தில் எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகஸ்ட் 5 மாலை சுமார் அரைமணி நேரம் எரித்தார்கள். நிலவைச் சுற்றி 164-க்கு 18,074 கி.மீ. என்ற நீள்வட்டம் அமைந்தது. பிறகு ஏறிய படிகளின் தலைகீழ்: 4,313, 1,437, 179, 163. ஆகஸ்ட் 17-இல் விக்ரம் பிரிந்தது. 20-ஆம் தேதி அதன் பாதை 25-க்கு 134 கி.மீ.

அந்த நாட்களில் இன்னொரு கலமும் அங்கே இருந்தது. ரஷ்யாவின் லூனா-25 ஆகஸ்ட் 11-இல் கிளம்பி, நேர்வழியில் வந்து, 16-ஆம் தேதியே நிலவுப் பாதையில் சேர்ந்துவிட்டது. 19-ஆம் தேதி தரையிறங்குவதற்கு முந்தைய பாதைக்கு மாற எஞ்சின் 84 விநாடி எரிய வேண்டும். 127 விநாடி எரிந்தது. 84 விநாடியில் அணைந்திருந்தால் பாதையின் தாழ்ந்த முனை நிலத்துக்குச் சுமார் 18 கி.மீ. மேலே இருந்திருக்கும். கூடுதலாகக் குறைந்த வேகத்தால் எதிர்ப்பக்கத்து முனை நிலவின் தரைக்கும் கீழே போய்விட்டது. எஞ்சின் அணைந்த அந்தக் கணத்தில் கலத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது இன்னும் நல்ல உயரத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. ஆனால் அது போகப்போகும் நீள்வட்டத்தின் ஒரு பகுதி பாறைக்குள் இருந்தது. பல ஆண்டு உழைத்து உருவாக்கிய கலம், கூடுதலாக எரிந்த 43 விநாடியில் போயிற்று. மோதிய இடத்தில் உண்டான சுமார் 10 மீட்டர் அகலப் பள்ளத்தை அமெரிக்காவின் எல்ஆர்ஓ செயற்கைக்கோள் பின்னர் படமெடுத்தது.

விக்ரம் செய்ய வேண்டியிருந்ததும் கிட்டத்தட்ட இதே செயல்தான்: பாதையை நிலத்துக்குள் வளைப்பது. ஆனால் நிலத்தைத் தொடும்போது வேகம் மிச்சம் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 23 மாலை, 30 கி.மீ. உயரத்தில் இறங்கத் தொடங்கியபோது அது விநாடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் கிடையாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நிலவில் காற்று இல்லை. பாராசூட்டுக்கு வேலை இல்லை. பூமிக்குத் திரும்பும் கலங்களுக்குக் காற்று செய்துகொடுக்கும் அத்தனை வேலையையும் எஞ்சினே செய்ய வேண்டும். 19 நிமிடம் அந்த வேகத்தைத் துளித்துளியாக அழித்தபடி இறங்கி, மாலை 6.04-க்கு விக்ரம் நின்றது. 40 நாளில் அது விழாமல் இருந்த முதல் கணம்.

உந்துகலனின் கதை அதோடு முடியவில்லை. தொட்டியில் நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மிஞ்சியிருந்ததால், அதை வீணாக்காமல் 2023 அக்டோபரில் நிலவின் பிடியிலிருந்து கிளப்பி, பூமியைச் சுற்றும் மிக உயர்ந்த பாதைக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 22-இல் அது பூமியிலிருந்து 1.54 லட்சம் கி.மீ. தொலைவில் கடந்து போனது. அந்த உயரத்தில் பூமி, நிலவு, சூரியன் மூன்றின் இழுப்பும் பாதையைத் தொடர்ந்து நெளிக்கின்றன. 2025 நவம்பரில் அது நிலவின் ஆதிக்க எல்லைக்குள் மீண்டும் நுழைந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் அருகே இருமுறை கடந்தது. நுழையும்முன் அதன் பாதை ஏறத்தாழ 1 லட்சத்துக்கு 3 லட்சம் கி.மீ.; வெளியே வந்தபோது 4.09 லட்சத்துக்கு 7.27 லட்சம். இந்த ஆற்றல் எந்தத் தொட்டியிலிருந்தும் வரவில்லை. பூமியைச் சுற்றி ஓடும் நிலவு தன் ஓட்டத்திலிருந்து அதைக் கொடுத்தது. கொடுத்த அளவுக்கு நிலவின் இயக்க ஆற்றல், எந்தக் கருவியும் அளக்க முடியாத ஒரு துளி, குறைந்திருக்கிறது.